செல்லியம்மாள் கல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் அருவியைப் பார்க்கத்தான் போகிறார்கள். அடிவாரத்துக்குச் சற்று முன்னால், புளிய மரங்களுக்கு நடுவில், நெஞ்சளவு உயரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. அதற்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்தினாலும் பார்க்க என்ன இருக்கிறது? நட்டுவைத்த கல் இரண்டு, மேலே படுக்கவைத்த கல் ஒன்று. எழுத்து கிடையாது, சிற்பம் கிடையாது, ராஜா பெயர் கிடையாது. அந்தக் கல்லை முதலில் நட்டதும், பிறகு பிடுங்கியதும், மறுபடி நட்டதும் ஒரே ஆள். பக்கத்து ஊர்க் கிணறு வெட்டும் மேஸ்திரி பொன்னுரங்கம்.

நட்ட கதை இது. மலைமேல் கரியாலூர்ப் பக்கத்துக் குடியானவர் சடையன், நிறைமாதமாக இருந்த மனைவி செல்லியம்மாளைப் பிரசவத்துக்காக டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார். மலையைத் தாண்டியாகிவிட்டது. புளிய மர நிழலில் தோள் மாற்றுவதற்காக டோலியை இறக்கியபோது அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். வயிற்றுப் பிள்ளை வயிற்றோடேயே போயிற்று. அடுத்த கொல்லையில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த இளம் பொன்னுரங்கம் ஓடிவந்து, டோலியைத் திரும்ப மலையேற்றத் தோள் கொடுத்தார். வழியில் அவர்தான் சொன்னார்.

"எங்க பக்கம் புள்ளைய சுமந்துகினே ஒருத்தி செத்துப் பூட்டா, அவ பேருல சுமைதாங்கி வெப்போம்ணே. அவளால எறக்க முடியாத பாரம் அது. போறவன் வர்றவன்லாம் அதுமேல சுமையை எறக்கி வெச்சா, அவ பாரமும் கொஞ்சங் கொஞ்சமா எறங்கும்."

காரியம் முடிந்ததும் சடையன் வந்து நின்றார். "அந்தக் கல்லு வெச்சிக் குடுக்கறீங்களா, மேஸ்திரி?"

பொன்னுரங்கம் வைத்துக் கொடுத்தார். சும்மா வைக்கவில்லை. குழியை ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் கல் சில்லுகளை அடித்து இறுக்கி, மலையைப் பார்த்த பக்கத்தில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஆப்புக் கல்லைச் செருகி மண்ணால் மூடினார். அந்த ஆப்புதான் பூட்டு. யானை வந்து முட்டினாலும் அசையாது என்று ஊரில் பெருமை அடித்துக்கொண்டார். ஆப்பு இருக்கும் இடத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சந்தைக்குக் கடுக்காயும் சாமையும் சுமந்து இறங்கும் மலைச் சனங்கள் அங்கே சுமையை இறக்கி இளைப்பாறினார்கள். சடையன் எவ்வளவு பாரமானாலும் வழியில் வேறெங்கும் இறக்காமல் கொண்டுவந்து, அந்தக் கல்லின்மேல்தான் இறக்குவார்.

இனி பிடுங்கிய கதை. எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டுப் பொன்னுரங்கத்தின் சாதிசனம் நடத்திய ஒரு வாரச் சாலை மறியல். உளுந்தூர்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையே செத்துக் கிடந்தது. ஊர் ஊராக மரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். பொன்னுரங்கத்துக்கு அந்தக் கோபம் நியாயமான கோபம். பையன் இளஞ்செழியன் நல்ல மார்க் வாங்கியும் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்காமல் வீட்டில் கிடந்தான். ஆகவே அவரும் சாலைக்குப் போனார். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை.

தப்பு புளிய மரத்தில் ஆரம்பித்தது. மறியலை நடத்திய பெரிய பண்ணைக்காரர் தங்கதுரை. சாலையோரப் புளிய மரங்களைக் குத்தகை எடுத்திருந்தவர் அவருடைய மச்சான். உலகத்து மரத்தையெல்லாம் வெட்டலாம், மச்சான் மரத்தை வெட்டலாமா? "அந்தக் கல்லைச் சாலையில தள்ளுங்கடா போதும்" என்றார் தங்கதுரை. இளவட்டங்கள் கடப்பாரையோடு பாய்ந்தார்கள். நெம்பினார்கள், முக்கினார்கள், ஒருவன் கடப்பாரையே வளைந்தது. கல் அசையவில்லை.

பொன்னுரங்கம் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். கல்லும் நின்றிருக்கும். ஆனால் தான் நட்ட கல் இத்தனை பேருக்கு அசையாததைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"நவுருங்கடா. நட்டவனுக்குத்தாண்டா தெரியும் அது எங்க மூச்சு வுடுதுன்னு."

மலைப் பக்கத்து மண்ணைக் கிளறினார். ஆப்புக் கல்லில் கடப்பாரை நுனியைக் கொடுத்து ஒரு திருகு. மேற்கல்லைப் பக்குவமாக இறக்கச் சொன்னார். பிறகு இரண்டு கால் கல்லும் பழகின மாடு படுப்பதுபோலச் சாய்ந்தன. கூட்டம் விசில் அடித்தது. தங்கதுரை தோளில் தட்டினார். அந்தத் தட்டு பொன்னுரங்கத்துக்கு நிஜமாகவே இனித்தது.

இதில் கொடுமை, அந்த வாரம் முழுக்க அந்தச் சாலையில் ஒரு பஸ்கூட வரவில்லை. கல் மறித்தது ஒரு சைக்கிள்காரனைத்தான். அவனும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோது மனைவி அமிர்தம் கேட்டாள். "ஊரே தள்ளி வுழலியாமே. நீ எதுக்குத் தொட்ட?"

அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

மறியல் முடிந்ததும் சாலைப் பணியாளர்கள் கல்லை ஓரமாக உருட்டிப்போட்டார்கள். அடுத்த சந்தைக்குள் நட்டுவிட வேண்டும் என்று பொன்னுரங்கம் துடித்தார். ஆனால் போலீஸ் ஊர் ஊராக ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. கல்லைத் தொட்டால், பிடுங்கினவன் யார் என்று யாராவது வாய் திறந்துவிடுவார்கள். பயம் ஜெயித்தது. ஆளில்லாத நேரத்தில் மூன்று கல்லையும் புளிய மரத்தடிக்கு உருட்டி, பனையோலை போட்டு மூடி, மேலே முள்ளையும் இழுத்துப்போட்டார். போலீஸ் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

சந்தை நாள் வந்தது. சடையன் வரும் நேரம் தெரிந்து, மரத்தடியில் போய் நின்றார். காலையிலிருந்து ஒரு பொய்யை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். போலீஸ் லாரி மோதிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

தலையில் கடுக்காய் மூட்டையோடு சடையன் வந்தார். கல் இருந்த இடத்தில் நின்றார். மூட்டையை இறக்கவில்லை. தரையில் இரண்டு குழி வாய் பிளந்து கிடந்தது. பொன்னுரங்கத்துக்குப் பொய்யும் வரவில்லை, நிஜமும் வரவில்லை. சடையன் பார்வை மரத்தடிக்குப் போயிற்று. சுமையோடேயே நடந்து போய், காலால் முள்ளை ஒதுக்கி, ஓலையை விலக்கினார். மூன்று கல்லும் முனைகூட மழுங்காமல் படுத்திருந்தன.

"ஒரு கீறல்கூட இல்லியே" என்றார். "நட்டவர் கையில்லாம இப்படி முழுசா வராதுங்க. ஜனங்க உடைச்சிடப் போறாங்கன்னு நீங்களே எடுத்து, ஓலை போத்தி, முள்ளு வெச்சிக் காவந்து பண்ணியிருக்கீங்க. உங்க சாதிசனத்தையே பகைச்சிக்கினு பண்ணியிருக்கீங்க, மேஸ்திரி."

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். பொன்னுரங்கம் குனிந்து மண்ணைப் பார்த்தார். அந்த நேரம் நழுவிப் போயிற்று.

போலீஸ் கெடுபிடி ஓய்ந்ததும் இருவருமாகச் சேர்ந்து நட்டார்கள். முன்னைவிட ஆழமாகத் தோண்டினார் பொன்னுரங்கம். சில்லு எடுத்துக் கொடுத்தார் சடையன். நட்டு முடித்ததும் சடையன், அன்று இறக்காத கணக்கைத் தீர்ப்பவர்போல மூட்டையை மேற்கல்லில் வைத்துவிட்டு, மடியிலிருந்த தேன் குப்பியை நீட்டினார். மேஸ்திரி வீட்டில் அந்தக் குப்பியை யாரும் திறக்கவில்லை. "இதுக்கு அவரு என்னை அடிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்" என்றார் பொன்னுரங்கம்.

இரண்டு வருஷத்தில் இட ஒதுக்கீடு தந்து அரசாணை வந்தது. இளஞ்செழியனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்திலும் மனுஷன் முழுசாகச் சிரிக்கவில்லை. மலைமேல் அதற்குள் அவர் பெயர் பரவியிருந்தது. சந்தைக்கு வரும் முன்பின் தெரியாத மலைக்காரர்கள்கூட "செல்லியம்மா கல்லைக் காப்பாத்துனவர்" என்று நின்று கும்பிட்டார்கள். ஒவ்வொரு கும்பிடுக்கும் ஒரு தடவை கூசினார். நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பி மலைப்பாதையில் பாதி ஏறித் திரும்பியதும் உண்டு. சொன்னால் தன் பாரம் இறங்கும், சடையன் தலையில் ஏறும். அது நல்ல எண்ணமா, பழைய பயமேதானா என்று அவருக்கே விளங்கவில்லை.

வயதான பிறகு ஒருநாள் பறித்த மல்லாட்டைக் கடலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கொல்லையிலிருந்து வந்துகொண்டிருந்தார். வெயில் காலைச் சுட்டது. கழுத்து நடுங்கியது. கல்லோரமாகச் சடையன் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தலை முழுக்க நரை. தன் மூட்டையை ஒரு பக்கமாக நகர்த்தி இடம் செய்தார்.

"எறக்கி வெயுங்க மேஸ்திரி. நானும் எத்தினி வருசமா பாக்கறேன், நீங்க ஒருதரங்கூட இதுல சுமை எறக்கினதே இல்ல. உங்க கல்லுதானே."

பொன்னுரங்கம் நின்றார். மூட்டையைப் பிடித்திருந்த கை ஒருமுறை தளர்ந்தது. மறுபடி இறுகியது.

"வேணாம்ணே. வூடு தோ இருக்குது."

வீடு அங்கிருந்து வெகு தூரம். சடையனுக்கும் அது தெரியும். பொன்னுரங்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.