மேடையில் எடுத்த பெரட்டு

2024 நவம்பர் 9, சனிக்கிழமை, பிற்பகல் 3.15. எங்கள் மலையூரான ரிங்லெட்டில் நல்ல மழை. மண்டபத்தின் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில், மேடையில் கிட்டாருக்குச் சுருதி கூட்டுவதுகூடக் கேட்கவில்லை. நாற்காலிகளை இரண்டு தடவை எண்ணினேன். நூற்று இருபது. ஆட்கள் நூற்று நாற்பத்து மூன்று. இருபத்து மூன்று பேர் நிற்க வேண்டும். அதில் முட்டிவலிக்காரர்கள் எத்தனை பேரோ என்று கவலையாக இருந்தது.

எனக்கு வயது எழுபத்திரண்டு. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் கிராணியாக இருந்தேன். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, வேலையாட்களை எண் சொல்லிக் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் பதிவது என் வேலை. பதில் வராமல் அடுத்த எண்ணுக்குப் போகமாட்டேன். அப்படிப்பட்டவன் ஒரு ஹெவி மெட்டல் குழுவோடு மேடையேறியதற்கு என் மகள்தான் காரணம்.

பகலில் அவளுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மற்ற நேரமெல்லாம் டிரம். பதினாறு வருஷத்துக்கு முன், கிட்டாருக்கு ஒருவர், பாட ஒருவர் என்று மூன்று பேராகத் தொடங்கினார்கள். முதல் ஐந்து வருஷம் ஒரே வேகம். எந்தப் பாட்டும் மூன்று நிமிஷத்தைத் தாண்டாது. பிறகு திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுபவர் உறுமியோடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் மகள், தொழிற்சாலையில் கொழுந்து கசக்கும் இயந்திரம் சுற்றுகிற தாளத்தை டிரம்முக்குக் கொண்டுவந்தாள். வேகம் பாதியாகி, பாட்டு பதினொரு நிமிஷமாக நீண்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய ரசிகர்கள் கொஞ்சம் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பதினொரு நிமிஷம்தான். நிதானமாக எண்ணலாம்.

போன வருஷம் பாடுகிறவர் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார். "தொண்டையக் கிழிச்சிக்கிட்டுக் கத்த வேற ஆளில்லப்பா. டிரம்ம வித்துடறேன்," என்றாள் மகள். வாங்க ஒருவர் முந்நூறு ரிங்கிட் முன்பணமும் கொடுத்துவிட்டார். கடைசியாக ஒரு தடவை வாசித்துவிடுவோம் என்று அந்தப் பணத்தை இந்த மண்டபத்துக்கு வாடகையாகக் கட்டினாள்.

ஒரு நாள் நான் கொல்லையில் பூச்சட்டிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று குறைந்தது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். மகள் ஜன்னலில் வந்து நின்றாள்.

"அப்பா, பழைய பெரட்டு நம்பரெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"எது மறந்தாலும் அது மறக்காது."

"அப்ப மேடையில வந்து கூப்பிடுங்க. பாட்டெல்லாம் வேணாம்லா. நம்பர் மட்டும் போதும்."

ஒன்பது தடவை ஒத்திகை பார்த்தோம். நான் எண்ணைக் கூப்பிடுவேன், அவள் டிரம்முக்குப் பின்னாலிருந்து "இருக்கேன்" என்பாள், நான் அடுத்ததற்குப் போவேன். லோரிக்காரர், "ஐயா, லேட்டா வந்தா எனக்கும் அரைநாள் சம்பளந்தானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கறுப்புச் சட்டை போடச் சொன்னார்கள்; வாங்கினேன். காது போய்விடுமோ என்ற பயத்தில், யாரிடமும் சொல்லாமல், மருந்துக்கடையில் காதடைப்பானும் வாங்கினேன்.

தப்பு அங்கேதான். மேடையில் அதை மாட்டிக்கொண்டு, நாற்பது எண் வரைக்கும் மகளின் வாயசைவைப் பார்த்துச் சமாளித்தேன். நாற்பத்தொன்றில் அவள் முகத்தை டிரம்மோடு இருந்த தாளத் தட்டு மறைத்துவிட்டது. பதில் வரவில்லை. நின்றேன். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் நின்றேன். குழு அந்த ஒரே அடியைச் சுற்றிச் சுற்றி வாசித்தது. இது கெட்டால் அவர்களுடைய பதினாறு வருஷமும் என்னால்தான் பாழாகும் என்று நாற்பத்தொன்றையே திரும்பக் கூப்பிட்டேன்.

முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்து கையை ஆட்டினார். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். இடது காதடைப்பானைப் பிடுங்கினேன்.

"நாப்பத்தொண்ணு இருக்கேன்யா! காது போச்சா கிராணி? மூணு வாட்டி கத்திட்டேன்! அன்னிக்குப் போட்ட மாதிரி இன்னிக்கும் ஆப்சென்ட் போட்றாதீங்க!"

மண்டபம் சிரித்தது. பழைய வழக்கத்தில் "சரி, நாப்பத்தொண்ணு வந்தாச்சு" என்றேன். மகள் அந்த இடத்தில் டிரம்மை ஓங்கி அடித்தாள். நாற்பத்திரண்டைக் கூப்பிட்டேன். பின்னாலிருந்து யாரோ "இருக்கேன்!" என்றார். நாற்பத்து மூன்றுக்குப் பத்துப் பேர். ஐம்பதுக்கு வரும்போது, கோலாலம்பூரிலிருந்து பாட்டுக் கேட்க வந்த, பெரட்டையே பார்த்திராத பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் குழு ஒரு கணம் நிறுத்தி, காத்திருந்து, அப்புறம் ஓங்கி வாசித்தது. ஒத்திகையில் இல்லாத அந்தக் காத்திருப்புதான் இப்போது அவர்களுடைய புதுப் பாணி. பாட்டு பதினெட்டு நிமிஷம் போனது.

மழை விட்டதும் லோரியில் சாமான் ஏற்றினார்கள். டிரம் ஐந்து உருப்படி. ஐந்தும் ஏறினவா என்று பார்த்தேன்.

"வீட்டுக்குத்தானே?" என்றேன்.

"வீட்டுக்குத்தான்ப்பா," என்றாள். "அடுத்த மாசம் ஈப்போவுல கூப்பிடுறாங்க. நீங்களும் வரணும்."

மேடையை நானே கூட்டிப் பார்த்தேன்; இடது காதடைப்பான் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை டிரம்முக்கு வாங்கிய முன்பணத்தை என் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். அது முந்நூறு, கறுப்புச் சட்டை முப்பத்தைந்து, எண் கூப்பிட வாங்கிய தொண்டை மிட்டாய் ஏழரை, காதடைப்பான் பன்னிரண்டு தொண்ணூறு. ஆக மொத்தம் முந்நூற்று ஐம்பத்தைந்து ரிங்கிட் நாற்பது காசு.