பங்குக் கிணற்றுத் தண்ணீர்

மல்லாவியில் புதிதாகக் குடிவந்த அயல்வீட்டுக்காரரின் வாசலைத் தாண்டும்போது, ஈரமண்ணும் சவர்க்காரமும் கலந்த வாசம் வந்தது. குளிக்கும் தண்ணீரை வாழைக்கு விட்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

சிறுவயதில் உடையார்கட்டில் எங்களுக்கும் சுமதி வீட்டுக்கும் வேலியோரம் ஒரே பங்குக் கிணறு. அவர்கள் குளிக்கிற, துவைக்கிற, அரிசி கழுவுகிற தண்ணீரெல்லாம் சின்ன வாய்க்காலில் சளசளவென்று ஓடி வாழைகளுக்குள் போகும். எங்கள் தண்ணீர் வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் தேங்கி, கடிக்கிற நுளம்பு பெருகி, மாடு மிதித்த சேறாய் நாறும். பள்ளிக்கூடத்தில் சுமதி கதலிப்பழம் உரிக்கும்போது எனக்கு வயிறு எரியும். அதைவிட அம்மாவின் கதைதான் சுடும்.

"அதே கிணத்துத் தண்ணிதானே? சுமதி தகப்பனோட நிண்டு வாய்க்கால் வெட்டுறாள். நீயும் இருக்கிறாய்!"

"அப்ப அவளையே பிள்ளையா வைச்சிருங்கோ."

"ஓம், தந்தால் வாங்குவன்."

கிணறும் வாழையும் போரோடு மண்ணாகிவிட்டன. அம்மாவும் போய்விட்டா. எனக்கு ஆத்திரம் மட்டும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்தேன்.

"இந்த வெயிலுக்க என்னப்பா செய்யிறியள்?" என்றாள் மனைவி.

"வாய்க்கால் வெட்டுறன். பக்கத்து வீட்டுக்காரரின்ரய விட நீளமா."