சக்கர தியானத்தில் அம்மா

தம்பி பிறந்த அன்றே இறந்துபோனான். கடலூரில் எங்கள் மாதா கோயில் பங்கு மக்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு வந்து அழுதார்கள். அம்மா மட்டும் அழவில்லை. வந்தவர்களுக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வழக்கம்போலச் சமைத்தாள், பூசைக்குப் போனாள், எனக்குச் சடை பின்னினாள். அம்மாவுக்கு எவ்வளவு தைரியம் என்று எனக்கு ஒரே பெருமை. அப்பாதான் பயந்துபோனார். கோடை விடுமுறை வந்ததும் எங்கள் இருவரையும் அண்ணாமலை நகரிலிருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

சித்தி அங்கே பல்கலைக்கழகக் குவார்ட்டர்ஸில் சக்கர தியான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதிலிருந்து தனக்குக் கோபமே வருவதில்லை என்றாள். சித்தப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நான் பூசைக்குப் போறவடி. எனக்கெதுக்கு சக்கரமெல்லாம்?" என்றாள் அம்மா.

"பூசைய யாரு வேணாம்னது? சும்மா வந்து உக்காருக்கா. புடிக்கலன்னா எழுந்து வந்துடலாம்."

அம்மா போனாள், கையோடு ஜெபமாலையையும் எடுத்துக்கொண்டு. நானும் கூடவே போனேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் டீச்சரம்மா ஓர் ஓசை சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் லம், வம் என்று இழுக்க, அம்மா மட்டும் முந்தானைக்குள் மணி உருட்டி அருள் நிறைந்த மரியே ஜெபத்தை முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இப்ப நெஞ்சுல கைய வைங்க. அங்க ஒரு வெளிச்சம் இருக்கு, பாருங்க" என்றார் டீச்சரம்மா. எங்களுக்கு அதில் சிரமமே இல்லை. வீட்டிலிருக்கும் திருஇருதய ஆண்டவர் படத்தில், இயேசுவின் நெஞ்சில் நாங்கள் தினமும் பார்க்கிற வெளிச்சம்தான். அம்மா கையை வைத்தாள். முணுமுணுப்பு நின்றது. தம்பிக்கு வைக்க நினைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஓவென்று அழுதாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நன்றாக இருந்தவளை இப்படி ஆக்கிவிட்டார்களே!

"எங்கம்மாவ என்ன பண்ணீங்க?" என்று டீச்சரம்மாவிடம் கத்தினேன்.

"அழட்டும் பாப்பா, வுடு" என்றார் அவர். சித்தியும் அம்மாவைத் தேற்றாமல் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சித்தியின் போனைப் பிடுங்கி அப்பாவைக் கூப்பிட்டேன். அம்மாவை அழ வைத்துவிட்டார்கள், உடனே வந்து இவர்களை நாலு கேள்வி கேளுங்கள் என்றேன்.

"நெஜமாவா? நல்லா அழுதாளா?"

"ஆமாப்பா."

"மாதாவே!" என்றார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

பெண்டாட்டி அழுததற்குச் சந்தோஷப்படுகிற மனுஷனோடு இனிப் பேச்சே கிடையாது என்று போனை வைத்துவிட்டேன். எங்களை அழைத்துப்போக அவர் வந்தபோதும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காராமல் அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.