லோகநாயகி எழுதிக்கொடுத்த வீடு

பிறந்த வீடு விலைக்கு வந்திருப்பதை லோகநாயகி ஒரு விளம்பரத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். சொல்லியிருக்க வேண்டியவன் தம்பி இளவரசு. அவன் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் பதினான்கு வருடமாக அவள் வார்டன். அங்கே தங்கிப் படிக்கிற ஜெனிஃபர் கடலூர்ப் பெண். "வார்டன்க்கா, ஒங்க ஊர்தான, இத பாருங்களேன், எவ்ளோ சூப்பரா இருக்குது" என்று செல்போனை நீட்டினாள். மஞ்சக்குப்பத்தில், மரங்கள் நிறைந்த அமைதியான தெருவில், நூற்றுப்பத்து வருடத்துப் பாரம்பரிய மாடி வீடு, முழுவதும் புதுப்பிக்கப்பட்டது, உடனே குடியேறலாம் என்று எழுதி, பன்னிரண்டு படங்கள் போட்டிருந்தார்கள். ஒன்பதாவது படம் அவளுடைய அறை. கீழே 'ஆபீஸ் ரூம்' என்று இருந்தது.

உடனே குடியேறலாம் என்ற வார்த்தையை அவள் மறுபடி படித்தாள். குடியேற வேண்டியவள் அவள்தான். விடுதிக் கட்டடத்தை லாட்ஜாக மாற்றப் போவதாகவும், மே மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படியும் முதலாளி சொல்லிவிட்டார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வயது ஐம்பத்தாறு. போவதற்கென்று அவளுக்கு இருந்தது அந்தப் பின்கட்டு அறை ஒன்றுதான். கட்டிலை எந்த ஜன்னல் பக்கம் போடுவது, பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பது என்பது வரை மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

அந்த அறை எப்படி அவளுடையதாயிற்று என்று சொல்ல வேண்டும். அப்பா கடலூர் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்தவர். ஆயுள் முழுக்க அடுத்தவர் சொத்துச் சண்டைகளைக் கட்டுக்கட்டாகப் பார்த்த மனுஷர், தன் வீட்டுக்கு ஒரு காகிதம் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்தார். அம்மா முன்பே போய்விட்டாள். வாரிசு என்று லோகநாயகியும் இளவரசும்தான். லோகநாயகியைக் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் வைத்திருந்த செந்தமிழ்செல்வனுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் நாற்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனதும், மில்லும் வீடும் கொழுந்தனார் பக்கம் சாய்ந்துவிட்டன. அவள் ஒரு பெட்டியோடு சிதம்பரம் வந்து வார்டன் ஆனாள்.

ஆறு வருடத்துக்கு முன்பு, அப்பா காரியம் முடிந்து மூன்று மாதத்தில், இளவரசு வந்தான். "மேல்தளம் ஒழுவுதுக்கா. பேங்க்ல லோன் கேட்டிருக்கேன். ஒத்தப் பேர்ல இருந்தாத்தான் குடுப்பானாம். ஒன் பங்க எனக்கு விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் போட்டுக் குடுத்துட்டீன்னா போதும். பின்கட்டு ரூம் எப்பவும் ஒன்னுதுதான். நீ சாவுற வரைக்கும் அத யாரும் கேக்க மாட்டாங்க" என்றான். கூட வந்திருந்த ரத்தினம்மாள் சித்தி இன்னும் தெளிவாகச் சொன்னாள்: "பங்கு கேட்ட பொண்ணுக்குப் பொறந்த ஊட்டு வாசப்படி கெடையாதுடி. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா கோடி எடுத்தாற யாரு இருக்கா?"

லோகநாயகியை யாரும் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பி.காம் படித்தவள், தெரிந்தேதான் போட்டாள். பங்கை விட்டால் வீடு மிஞ்சும், பங்கைக் கேட்டால் வீடு போய்விடும் என்று அவள் நினைத்தாள். சட்டம் தெரிந்தவன் எவனும் இப்படி நினைக்க மாட்டான். இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நினைத்து, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பட்டுப்புடவையும் வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வீடு திரும்புகிறார்கள். அவளும் திரும்பினாள்.

இரண்டு பொங்கலுக்குத் தம்பி வரிசை கொண்டுவந்தான். மூன்றாவது பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் கரும்புப் படம் வந்தது. அதையும் அவள் தோழிகளிடம் காட்டினாள். போன வருடம் அவன் வீட்டை முழுசாகப் புதுப்பிக்கிற வேலையை எடுத்தபோது, "தூசி ஜாஸ்திக்கா, முடிஞ்சதும் வா. ஒன் ரூமுக்கு என்ன கலர் அடிக்கட்டும்?" என்று கேட்டான். இளம்பச்சை என்றாள். விளம்பரப் படத்தில் அந்த அறை இளம்பச்சையில்தான் இருந்தது. கேட்ட கலரையே அடித்து விற்பனைக்கு வைத்திருந்தான், மகராசன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு, யார் என்று சொல்லாமல், வீட்டைப் பார்க்க வருவதாகப் போன் செய்துவிட்டுக் கடலூருக்கு பஸ் ஏறினாள். தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் அப்படியேதான் இருந்தன. புரோக்கர் ராஜவேல் கேட்டைத் திறந்துவிட்டு, அவளுக்கு அவளுடைய வீட்டைச் சுற்றிக் காட்டினான்.

"இந்தத் தூணைப் பாருங்க மேடம். நூத்திப்பத்து வருசத்துத் தூண்."

அந்தக் கூடத்தில் தூணே இருந்ததில்லை. எங்கேயோ இடித்த வீட்டிலிருந்து வாங்கி வந்து நிறுத்தியிருந்தார்கள். கை கழுவும் இடத்துக்குப் போனால் அங்கே அப்பாவின் எழுத்து மேசை. நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு வாஷ்பேசினைப் பதித்திருந்தார்கள். அதற்கு ராஜவேல், "ஆன்டிக் மேடம், இப்ப இதான் பேஷன்" என்றான்.  லோகநாயகி அவனைத் தாண்டி நடந்தாள்.

பின்கட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "வில்லங்கம் ஒண்ணும் இல்லீங்களே?"

"சுத்தம் மேடம். ஓனருக்கு ஒரே ஒரு அக்கா. அவுங்க எப்பவோ எழுதிக் குடுத்துட்டாங்க. ஒரு பைசா வாங்கலியாம். தங்கமான அம்மாவாம். இந்தக் காலத்துல யாருங்க அப்பிடி இருக்கா?"

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"எங்கியாச்சும் நல்லா இருப்பாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவன் விளக்கைப் போட்டுக் காட்டினான்.

அவள் தம்பிக்குப் போன் செய்யவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று பத்து நாள் பார்த்தாள். பதினோராம் நாள் ஆப்பிளும் மாதுளையும் நிறைந்த பையோடு இளவரசே விடுதிக்கு வந்து நின்றான். பொங்கல் வரிசை நின்ற பிறகு அவன் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. பார்வையாளர் அறையில் உட்கார்ந்து, அவள் இளைத்துவிட்டதாகச் சொன்னான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

வீட்டை வாங்க வந்தவரின் வக்கீல் ஒரு பிழையைக் கண்டுபிடித்திருந்தார். பின்கட்டு நிற்கிற மனை, பழைய வீட்டோடு சேர்ந்ததில்லை. அப்பா பிற்பாடு பக்கத்து வீட்டுக்காரரிடம் தனிப் பத்திரத்தில் வாங்கியது. லோகநாயகியின் விடுதலைப் பத்திரத்தில் முன்கட்டு மட்டும்தான் எழுதியிருந்தது. அவசரத்தில் எழுதியவன் மற்றதை விட்டுவிட்டான். ஆகவே சமையலறை, குளியலறை, அந்த இளம்பச்சை அறை எல்லாவற்றிலும் அவளுக்கு இன்னமும் சரிபாதி இருந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் வீடு விலைபோகாது.

"ஒரு சின்ன கையெழுத்துக்கா" என்றான்.

"ஊட்ட விக்கிறத எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா வருத்தப்படுவியேன்னுதான். பொண்ணு கனடா போறாக்கா, வேற வழி இல்ல."

"எனக்கு இந்த மாசத்தோட இந்த எடம் முடிஞ்சிது. நான் எங்கடா போறது?"

"அதையும் யோசிக்காம வருவனா? பாண்டில ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன். வயசானவுங்கள நல்லா பாத்துக்கறாங்க. அட்வான்ஸ் நான் கட்டிடறேன்."

அவனுக்கும் அவளுக்கும் நாலு வயதுதான் வித்தியாசம்.  "பின்கட்டு ரூம் சாவுற வரைக்கும் எனக்குன்னு சொன்னியேடா, சித்தி முன்னாடி" என்றாள்.

"அன்னைக்கு நீ கையெழுத்து போடணுமேன்னு சொன்னேன்கா. அதப் போயி இத்தன வருசமா நம்பிக்கிட்டு…"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. ஆப்பிள் பையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தான். அவன் கொண்டுவந்திருந்த புதுப் பத்திரத்தை அவள் வாங்கி ஐந்து பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"போட மாட்டேன்."

அவன் கெஞ்சினான். காலில் விழப் போனான். பிறகு குரல் ஏறிற்று. "அப்ப ஒனக்குத் தம்பி இல்லன்னு வச்சிக்க. செத்தாக்கூட வர மாட்டேன்" என்றான். வரட்டும் வராமல் போகட்டும், இப்போது உயிரோடு எங்கே படுப்பது என்பதுதான் அவள் கவலை. அதை அவனிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். பழங்களைப் பெண்கள் தின்று தீர்த்தார்கள்.

வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு இளவரசு புதுப் பூட்டு போட்டு, கேமராவும் வைத்துவிட்டான். கேஸ் போட்டுப் பின்கட்டை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். பாகப்பிரிவினை வழக்கு தாத்தா போட்டால் பேரனுக்குத் தீர்ப்பு என்று அப்பா சொல்லிக் கேட்டவள் அவள். அவளுக்குப் பேரனும் இல்லை. மே முப்பதாம் தேதி, கிள்ளை ரோட்டில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனாள். பீரோ உள்ளே நுழையவில்லை. வெளியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாள். தம்பி திட்டத்தைக் கெடுத்ததில் அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. வெயிலும் புழுக்கமும்தான் வந்தன.

ஒரு மத்தியானம் ரத்தினம்மாள் சித்தி போன் செய்தாள். இளவரசின் மகளுக்குக் கனடா தள்ளிப் போய்விட்டதாம், அவன் பெண்டாட்டி அழுதுகொண்டே இருக்கிறாளாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் வெடித்தாள்:

"ஊரே கேவலமா பேசுதுடி. நூறு வருசத்து ஊடு, பளபளன்னு பண்ணி வச்சும் பூட்டிக் கெடக்குது. வைக்கப்போருல படுத்த நாயி மாதிரி, நீயும் தின்ன மாட்ட, அவனையும் தின்ன உட மாட்டேங்கிற."

லோகநாயகி போனைக் காதில் வைத்தபடி, தலைக்கு மேல் அனல் இறங்கிக்கொண்டிருந்த ஷீட்டைப் பார்த்தாள்.

"அந்த நாயிக்குப் படுக்க வைக்கப்போராவது இருந்திச்சு சித்தி" என்றாள்.