ஆஸ்டின் டவுனில் ஒரு இருமல்

அரைப் பரீட்சை லீவில் என் மகள் யாழினியைப் பெங்களூரு செஸ் போட்டிக்குக் கூட்டிப் போனேன். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவு. வீட்டம்மா முன்பே கறாராகச் சொல்லிவிட்டாள்: முதல் பத்து இடத்துக்குள் வராவிட்டால் செஸ்ஸுக்கு முழுக்கு, ஜனவரியிலிருந்து டியூஷன்.

கிருஷ்ணகிரியில் காலை 5.15 பஸ். தொண்ணூறு கிலோமீட்டர். எனக்கு 38 ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட். 7.45க்கு மடிவாளாவில் இறங்கினோம். ஆஸ்டின் டவுன் பள்ளிக்கு ஆட்டோ கேட்டால், "மீட்டர் மேல பத்து ரூபா குடுங்க சார், டிராஃபிக் ஜாஸ்தி" என்றார் டிரைவர். நாற்பது ஆனது.

மாலை நான்கு மணிக்குக் கடைசிச் சுற்று. இதில் ஜெயித்தால்தான் பத்துக்குள். எதிரே ஆஸ்டின் டவுன் பெண், ரேகா. மதியம் இருவரும் ஒரே டப்பாவில் புளிசாதம் சாப்பிட்டுச் சிரித்துக் கொண்டிருந்தார்கள். பெற்றோர் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. என் பக்கத்தில் ரேகாவின் அம்மா.

யாழினிக்கு ஒரு குதிரை கூடுதல், ஆனால் கடிகாரத்தில் மூன்றே நிமிடம். யானையை நகர்த்தினாள், தாளில் எழுதினாள், கன்னத்தில் கை வைத்துக் கொண்டாள். நகர்த்தியதும் கடிகாரத்தை அமுக்கினால்தான் தன் நேரம் நிற்கும்; அமுக்க மறந்துவிட்டாள்! அவள் நேரம்தான் ஓடுகிறது. ரேகா தலையே தூக்கவில்லை. முள் ஏறி, கடிகாரத்தில் இருக்கும் சின்னச் சிவப்புக் கொடி விழுந்தால் ஆட்டம் காலி.

இருமினேன். பலமாக.

யாழினி நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள், பட்டென்று கடிகாரத்தை அமுக்கினாள்.

"காலைலேர்ந்து இல்லாத இருமல் இப்ப எங்கேர்ந்து சார் வந்துச்சு?" என்றார் ரேகாவின் அம்மா. நடுவர் விரலால் வாசலைக் காட்டினார். போனேன். மானம் போயிற்று.

இருபது நிமிடம் கேட்டருகே நின்றேன். யாழினி வெளியே வந்தாள்.

"ஜெயிச்சிட்டேன். ஒன்பதாவது எடம்."

"அப்புறம் ஏம்மா மூஞ்சி இப்படி?"

"ஏம்ப்பா இருமுன? ரேகா கை குடுத்துட்டு எம் மொகத்தப் பாக்காமயே போயிட்டா."

தப்பு என்னுடையதுதான். டியூஷனிலிருந்து அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு: ஆஸ்டின் டவுன் போக மடிவாளாவிலேயே இறங்கிவிடுங்கள், சாப்பாடு கட்டிக் கொண்டு போங்கள், கடைசிச் சுற்றில் கயிற்றுப் பக்கமே போகாதீர்கள்.

மே மாதம் மைசூரில் போட்டி. இந்த முறை அம்மாதான் கூட வர வேண்டும் என்று யாழினி சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு செஸ் தெரியாது."