அந்த நடிகருக்கு மன்னர் வேடம் பொருந்துமா?

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம். புதுவாயலில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் அனல்மின் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் நகர்க் குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும் நான்தான். கொரியத் தொடர்கள் மக்களின் பொழுதை விழுங்குகின்றன என்று சங்கக் கூட்டத்திலேயே பேசியிருக்கிறேன்.

என் மனைவி எனக்கு நேர்மாறு. எங்கள் மாடியில் குடியிருக்கும் இரண்டு பெண்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள். கைப்பேசியில் தாங்கள் வாசிக்கும் ஒரு கொரிய அரண்மனைக் காதல் கதையை, ஷிப்ட் முடிந்து வந்ததும் அவளுக்குச் சொல்வார்கள். கீரை ஆய்ந்தபடியே கேட்பாள். அந்த மன்னன் எப்படி இருப்பான் என்று அவள் மனத்தில் ஓர் உருவமே படிந்துபோயிருந்தது.

பிறகு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கைகால்கள் தேறிவிட்டன, பேச்சு மட்டும் தேறவில்லை. சொல் வரும், பாதியில் உடையும். பார்க்க வந்தவர்கள் அதைக் கேட்டு 'உச்' கொட்டினார்கள். அதன்பின் அவள் வாயையே திறக்கவில்லை. இப்படியே விட்டால் பேச்சு திரும்பாமலே போகலாம் என்று மருத்துவர் எச்சரித்தார். நான் வேளைதோறும் ஏதேனும் கேட்பேன். தலையசைப்பே பதில்.

ஒரு மாலை, மாடிப் பெண்களில் மூத்தவள் செருப்பைக் கழற்றிய வேகத்தில் உள்ளே வந்தாள்.

"பெரிம்மா, நம்ம கதைய சீரியலா எடுக்குறாங்களாம்! ராஜா வேஷத்துக்கு யாரப் போட்டுக்கிறாங்க பாருங்க!"

பின்னால் வந்த இளையவள் விடவில்லை. "இந்தப் பால்கோவா மூஞ்சியப் போய் ராஜான்னு சொல்லிக்கினு வந்துட்டா! இவன் வாள எடுத்தா எதிரி சிரிச்சே செத்துடுவான்."

"போடி, உலகமே அவன் பின்னாடி சுத்திக்கினு கீது."

என் மனைவி கைப்பேசியை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "ரா... ராசா இல்ல," என்றாள். "கண்ணு... சிரி... சிரிக்குது."

நான் திகைத்து நின்றேன். அந்தப் பெண்களோ கொஞ்சமும் பரிதாபப்படவில்லை. "ஏன் பெரிம்மா, ராஜான்னா சிரிக்கக் கூடாதா?" என்று மூத்தவள் சண்டைக்கே போனாள். என் மனைவி மேலும் சில சொற்களைத் தேடிப் பிடித்தாள்.

அடுத்த வாரம் அவர்களுக்கு இரவு ஷிப்ட், பகலெல்லாம் உறக்கம். வீடு மறுபடியும் ஊமையானது. எதிர்த்துப் பேச ஆள் இருந்தால்தான் அவளுக்குச் சொல் வருகிறது என்பது எனக்குப் புரிந்தது. அந்த நடிகரின் பழைய தொடர் ஒன்றைக் கைப்பேசியில் பார்த்தேன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான். பிறகு கூடத்தில் அவள் எதிரே அமர்ந்து, அவரே பொருத்தமான மன்னர் என்று வாதாடத் தொடங்கினேன்.

அவள் வாயெடுத்த நேரம் பார்த்து, தெருவிளக்கு விஷயமாகப் பேச வந்த சங்கச் செயலாளர் வாசலில் நின்றார். "இன்னா சார் இது, கொரியா ஹீரோவுக்கு நீங்களே வக்காலத்து வாங்குறீங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் என் மனைவியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வருகிற சொல் உள்ளேயே போய்விட்டால்? அவரை அமரச் சொன்னேன். குரலைத் தாழ்த்தாமல், "ஆமாம் சார். அவரை விட்டா வேற ராஜா கிடையாது. கண் சிரிச்சா என்ன, அதுவும் ஒரு கம்பீரம்தான்" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள்.

"உங்களுக்கு... இன்னா தெரியும்? கதை கேட்டது நானு. சும்மா... இருங்க."

நோய் கண்ட பின் அவள் முழுதாகப் பேசியது அதுதான் முதல் முறை. பிறர் முன்னிலையில் அவள் என்னை அடக்கியதும் அதுவே முதல் முறை. செயலாளர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா சொல்றதுதான் கரெக்ட்டு" என்றார். காப்பி கொண்டுவருவதாகச் சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டேன்.

செய்தி நகர் முழுக்கப் பரவிவிட்டது; இன்றும் கேலி ஓயவில்லை. மதிப்பு என்று இத்தனை காலம் நான் கட்டிக் காத்தது, என் வீட்டில் எவரும் என்னை மறுத்துப் பேசாத அமைதியைத்தானோ என்று, அவள் என்னோடு வாதாடும் ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன்.