ஊசியும் வெறுவயிறும்

எங்கள் வீட்டில் சீனிப்பேணி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். திறப்பு அம்மாவின் இடுப்பில். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குப் பயந்து பூட்டுவார்கள்; எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பயந்து பூட்டினோம். அப்பா தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் சாமான் இறக்குகிறவர்களுக்குக் கங்காணி. அவர் சத்தம் போட்டால் அக்கரையில் இந்தியாவுக்குக் கேட்கும் என்று பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு கரண்டி சீனிக்காக அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது.

வியாதி சாராயத்தால் வந்தது. துறையில் வேலை முடிந்தால் குடி, வேலை இல்லாவிட்டாலும் குடி. ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது பாதி ஆள்தான். இரைப்பைக்குப் பின்னால் சதையி என்று ஓர் உறுப்பு இருக்கிறதாம். அது சாராயத்தில் வெந்து போய்விட்டதாம். அதனால் தின்ற எதுவும் செமிக்கவில்லை, சீனி வியாதியும் கூடவே வந்து சேர்ந்தது. அப்பா மடுக் கோயில் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று, இனிக் குடியைத் தொடமாட்டேன் என்று நேர்த்தி வைத்தார். அதற்குப் பிறகு கள்ளுக்கொட்டில் இருக்கும் தெருவால்கூட அவர் போனதில்லை.

சீனியை இறக்கும் ஊசி மருந்து கொழும்பிலிருந்து ரயிலில் வரும். சூடு படக்கூடாது என்பதால் ஈரமணல் நிரப்பிய மண்முட்டிக்குள் குப்பியைப் புதைத்து வைப்போம். அம்மா வெள்ளரிக்காயில் குத்திக் குத்திப் பழகிவிட்டு அப்பாவின் துடையில் குத்தினாள். காலையில் அவருடைய மூத்திரத்தில் சில துளிகளை ஒரு நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டு, விளக்கில் பிடித்துக் கொதிக்க வைப்பாள். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையானால் முகம் சுளிப்பாள். செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

இதில் ஓர் ஒழுங்கும் இருக்கவில்லை. அதே சோறு, அதே ஊசி. நேற்று நீலம், இன்றைக்குச் செங்கல்.

"களவாய் என்ன திண்டனீங்கள்?" என்று அம்மா கேட்பாள்.

"ஒண்டும் தின்னேல்லையப்பா" என்பார் அப்பா.

அம்மா நம்பமாட்டாள். குடிகாரனோடு குடும்பம் நடத்தியவளுக்கு நம்பாமல் இருப்பதுதான் பழக்கம்.

சில நாட்களில் முற்பகலில் அப்பாவின் கை நடுங்கும், சட்டை நனைய வேர்க்கும். உடனே வேட்டி மடியிலிருந்து ஒரு பனங்கட்டித் துண்டை எடுத்து வாயில் போடுவார். கொஞ்ச நேரத்தில் ஆள் சரியாகிவிடுவார். நடுங்கினால் இனிப்புச் சாப்பிட வேண்டும் என்று டொக்டரே சொன்னவராம்.

"சீனி வருத்தக்காரனை இனிப்புத் தின்னச் சொன்னவரோ? ஆரைப் பேய்க்காட்டுறீங்கள்?" என்பாள் அம்மா. அப்பா சிரித்துவிடுவார். எனக்கும் அம்மா சொல்வதுதான் நியாயமாகப் பட்டது.

நேர்த்தி வைத்து ஒரு வருடம் நிறைந்த ஆவணித் திருநாளுக்குக் குடும்பமாக மடுவுக்குப் போனோம். மடு றோட் ஸ்டேஷனில் ரயிலால் இறங்கி, காட்டுப் பாதையில் மாட்டுவண்டிலில் போய், மரங்களுக்குக் கீழே கிடுகுக் கொட்டில் போட்டுத் தங்கினோம். அம்மாவின் தமையனான பெரிய மாமாவும் எங்களோடு வந்தார். அவர் ஊர்க் கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர். பங்குச் சுவாமியாருக்கு அடுத்தபடி அவர்தான் என்று ஊரார் சொல்வார்கள், அவரும் சொல்வார். அப்பா குடித்த காலமெல்லாம் அவரோடு முகம் கொடுத்துப் பேசாத மாமா, இப்போது அவரைக் கொட்டில் கொட்டிலாகக் கூட்டிக்கொண்டு போய், "மாதா திருப்பின ஆள்" என்று காட்டினார். அப்பா கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

திருநாள் பூசையில் அப்பா நன்மை எடுப்பதென்று, சுவாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்குவதென்று, முடிவாகியிருந்தது. நன்மை எடுக்கிறவர்கள் நடுச்சாமம் தொடக்கம் வாயில் தண்ணீர்கூட வைக்கக்கூடாது என்பது அந்தக் காலத்து ஒருசந்திக் கட்டளை. விடிந்ததும் அம்மா ஊசியை அவித்து எடுத்துவிட்டு, அதைக் கையில் பிடித்தபடி யோசித்தாள்.

"அண்ணை, ஊசி போட்டால் ஒருசந்தி முறியுமோ?"

அப்படியொரு கேள்வி மாமாவிடம் யாரும் கேட்டதில்லை. அவருக்கு உள்ளூரப் பெரிய சந்தோஷம். மீசையைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "வாயால போனால்தான் முறியும். இது துடையால போகுது. முறியாது, போடு."

அப்பாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "ஊசி போட்டால் உடன சாப்பிட வேணும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"ஊசியை ஒருநாளும் விடக்கூடாது எண்டு சொன்னவரும் அவர்தானே. பூசை முடிஞ்சு வந்து சாப்பிடுங்கோ" என்றாள் அம்மா.

அப்பா வேட்டியை ஒதுக்கித் துடையைக் காட்டினார். ஊசி ஏறியது. பிறகு அம்மா அவருடைய மடியைத் தட்டிப் பார்த்துப் பனங்கட்டித் துண்டை எடுத்துக்கொண்டாள். நன்மை எடுக்கப் போகிறவரின் மடியில் இனிப்பு எதற்கு என்றாள். அன்றைக்குக் குழாய் நல்ல நீலமாக நின்றது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து, மாதாவின் போர்வை நிறம் என்று எனக்குக் காட்டினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் கண்டதில்லை.

நீலம் என்றால் சீனி கூடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். எவ்வளவு குறைந்துபோய்க் கிடக்கிறது என்பதை அந்தக் குழாய் சொல்லாது. கெட்டுப்போன சதையிக்குச் சீனியை இறக்கவும் தெரியாது, விழுந்துவிட்டால் தூக்கிவிடவும் வக்கில்லை. இதெல்லாம் நான் வளர்ந்து நர்ஸ் வேலைக்குப் படித்தபோது தெரிந்துகொண்டது.

பாட்டுப்பூசை, பெரிய பிரசங்கம். வெயில் ஏறிவிட்டது. அப்பா நன்மை எடுத்துக்கொண்டு கைகூப்பியபடி திரும்பி வந்தபோது மாமாவுக்குக் கண் கலங்கியது. அப்பாவின் கழுத்து அப்போதே வேர்த்து வழிந்தது. புழுக்கம் என்று நினைத்தோம். பூசை முடிந்ததும் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். மாமா விடவில்லை. சுற்றுப்பிரகாரத்தில் மாதா சுரூபத்துக்கு நிழலாக வரும் துணி மேற்கட்டியின் ஒரு காலைப் பிடிக்க அப்பாவுக்கு அவர் இடம் வாங்கி வைத்திருந்தார். "இப்ப சாப்பிடப் போனால் இடம் போயிடும், மச்சான்."

அப்பா மேற்கட்டிக் காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் அவருடைய கால்கள் பின்னின. மேற்கட்டி ஒரு பக்கம் சரிந்தது. தாங்க வந்தவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். பிறகு, துறையில் ஆட்களை ஏசுகிற தூஷணமெல்லாம் மாதாவுக்கு முன்னாலேயே அவர் வாயிலிருந்து வந்தது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்த சனம் நிறுத்திவிட்டது. "குடிச்சுப்போட்டான்" என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

மாமாவும் இரண்டு இளந்தாரிகளும் அவரைக் கொட்டிலுக்கு இழுத்து வந்து பாயில் போட்டார்கள்.

"நன்மை எடுத்த வாயால குடிச்சிருக்கிறான், பாவி!"

"எப்ப அண்ணை குடிச்சவர்? என்ரை கண்ணுக்கு முன்னாலதானே நிண்டவர்," என்றாள் அம்மா.

"வாங்கிக் குடுக்க ஆளில்லையோ? அவன்ரை நடையே சொல்லுதே!"

அப்பா அம்மாவைப் பார்த்து என்னவோ சொல்ல முயன்றார். நாக்குப் புரளவில்லை. வெறி முறியட்டும் என்று தேசிக்காய்ப் புளியில் உப்பைக் கரைத்துப் பருக்கினார்கள். அது கடைவாயால் வழிந்தது. "கிடந்து தெளியட்டும்" என்று வாசலில் சாக்கைத் தொங்கவிட்டுவிட்டு மாமா அவசரமாகப் போனார். மேற்கட்டிக்கு வேறு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

அம்மா வாசலில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். போகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் மெல்ல நடந்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே அப்பா பெரிதாகக் குறட்டை விட்டார். "கேளுங்கோ, என்ன சுகமான நித்திரை" என்றாள் ஒருத்தி. எனக்கு அப்பாவின் மேல் அப்படியொரு கோபம். இவரை இப்போது எழுப்பிவிடாதே, வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாரும் போன பிறகு எழுப்பு என்று மாதாவிடம் மன்றாடினேன்.

வெயில் தாழ்ந்தபோது குறட்டை நின்றிருந்தது. எழும்பிவிட்டார் போல என்று அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

"இஞ்சேருங்கோ."

கையைத் தொட்டாள். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். செத்துப்போனார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து எனக்கும் தெரிந்தது. ஆனால் அவள் குளறி அழவில்லை. குனிந்து அப்பாவின் வாய்க்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள். கொஞ்சுகிறாள் என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோதும் அவள் அப்படியேதான் இருந்தாள். மூக்கால் இழுத்து இழுத்து மணந்து பார்த்தாள். தேசிக்காய்ப் புளியைத் தவிர வேறு எதுவும் அங்கே மணந்திராது.

பிறகு எழும்பி வெளியே வந்தாள். மாமா வந்து வாயைத் திறக்குமுன்பே, "ஓம் அண்ணை, குடிச்சுத்தான் இருக்கிறார்" என்றாள். சாகும்வரைக்கும் அதை மாற்றிச் சொல்லவில்லை. அவர் குடிக்கவில்லை என்றால் மிச்சமிருப்பது காலையில் வெறுவயிற்றில் போட்ட ஊசி. அதைப் போட்ட கை அவளுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, அப்பாவின் பாவத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி மாதாவைக் கேட்டு நானும் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன்.